காரணம்: கஞ்சா

சில ஊர்ப்பெயர்கள் தம் நில எல்லையைத் தாண்டி வேறொரு பொருளைச் சுமக்கத் தொடங்கிவிடுகின்றன. சென்னையின் கீழ்ப்பாக்கம் அவற்றுள் ஒன்று. 1794-ல் மதறாஸில் தொடங்கப்பட்ட மனநோயாளர் காப்பகம் 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் பிறகு அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே போதும், எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும் என்ற நிலை உருவாயிற்று. திரைப்பட நகைச்சுவையும் திண்ணைப் பேச்சும் அந்தப் பொருளை நம் மொழியில் நிலைநிறுத்திவிட்டன. அதே வாய்கள் அதே இளக்காரத்துடன் சொல்லும் இன்னொரு சொல் 'கஞ்சாக்குடிக்கி'. இவ்விரு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நாம், இவை முதன்முதலில் எந்தக் காகிதத்தில் அருகருகே எழுதப்பட்டன என்று யோசித்ததில்லை.

அந்தக் காகிதம் ஒரு பதிவேடு. பிரிட்டிஷ் இந்தியாவின் காப்பகங்களில் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் பெயர், வயது, தொழில், நோயின் வகை ஆகியவற்றோடு 'நோய்க்கான காரணம்' என்ற கட்டமும் நிரப்பப்பட்டது. 1892-ல் இக்காப்பகங்களில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அவர்களுள் 222 பேரின் காரணக் கட்டத்தில் கஞ்சா, சரஸ், பாங் ஆகியவற்றுள் ஒன்று எழுதப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறில் ஒருவர். ஒரு பேரரசு ஒரு செடியைப் பற்றி அஞ்சுவதற்கு இந்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தது.

தொடர்ந்து கஞ்சா நுகர்வது மூளையை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இன்று ஆய்வகங்களும் புள்ளிவிவரங்களும் விடை தேடுகின்றன. ஆனால் அக்கேள்வியின் வரலாறு பெருமளவுக்கு இந்த ஒற்றைக் கட்டத்தின் வரலாறுதான். அதை யார் நிரப்பினார்கள், எதைக் கண்டு நிரப்பினார்கள், பின்னர் யார் அழித்து எழுதினார்கள் என்பதையே நாம் இங்கே பின்தொடர விரும்புகிறோம்.

* * *

1893-ல் பிரிட்டிஷ் மக்களவையில் மதுவிலக்கு இயக்கத்தவரான வில்லியம் ஸ்பிராஸ்டன் கெயின் கஞ்சாவைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினார். வங்காளத்தில் கஞ்சா பயிரிடுவதும் விற்பதும் மக்களின் ஒழுக்கத்தையும் சமூக வாழ்வையும் எவ்வாறு பாதிக்கின்றன என்று விசாரிக்க ஓர் ஆணைக்குழு வேண்டும் என்பது அவரது கோரிக்கை. இந்திய அரசு விசாரணையின் எல்லையை வங்காளத்தோடு நிறுத்தாமல் இந்தியா முழுமைக்கும் விரித்தது. மக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் அமர்த்தப்பட்டனர். அவர்களில் ராஜா சசிசேகரேஸ்வர் ராய், குன்வர் ஹர்நாம் சிங், லாலா நிஹால் சந்த் ஆகிய மூவர் இந்தியர்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வார்டனும் உறுப்பினராக இருந்தார்.

'இந்தியக் கஞ்சாப் பொருள்கள் ஆணைக்குழு' என்று அறியப்படும் இக்குழு 1,193 சாட்சிகளை விசாரித்தது. மருத்துவர்கள், ஆட்சியர்கள், சுங்க அதிகாரிகள், பயிரிடுவோர், வியாபாரிகள், சமயத் தலைவர்கள், நுகர்வோர் எனப் பலதரப்பினரும் அவர்களுள் இருந்தனர். 1894-ல் முடிந்த அறிக்கையும் இணைப்புகளும் மூவாயிரம் பக்கங்களைத் தாண்டின. இத்துறையில் அதற்கு முன்பு அத்தனை பெரிய விசாரணை எங்கும் நடந்ததில்லை.

பேரரசு நடுநிலையோடு விசாரித்தது என்று நாம் நம்பிவிட வேண்டியதில்லை. ராஜ்ஷாஹி மாவட்டத்தின் நவ்காவைச் சுற்றி அரசின் மேற்பார்வையில் கஞ்சா பயிரிடப்பட்டது. அதன்மீதான வரி அரசுக்கு நிலையான வருவாய். 'கஞ்சா தீங்கற்றது' என்ற முடிவு கருவூலத்துக்கு இனிமையானது. 'கொடியது' என்ற முடிவு லண்டனின் மதுவிலக்கு அன்பர்களுக்கு இனிமையானது. இவ்விரு விருப்பங்களுக்கும் நடுவில்தான் ஆணைக்குழு அமர்ந்திருந்தது. ஆயினும் அது ஒரு செயலைச் செய்தது. காப்பகப் புள்ளிவிவரங்களை அப்படியே ஏற்காமல், அந்த 222 பேரையும் ஒவ்வொருவராகத் திரும்பப் பார்த்தது. அவர்கள் யார், எங்கிருந்து கொண்டுவரப்பட்டார்கள், கஞ்சா நுகர்ந்தார்கள் என்று யார் சொன்னது, நோய் வருவதற்கு முன்பா பின்பா என்று கேட்டது. உள்ளூர் விசாரணைகளுக்கு ஆணையிட்டது.

அப்போதுதான் காரணக் கட்டம் நிரப்பப்பட்ட விதம் வெளிச்சத்துக்கு வந்தது. 1858-ஆம் ஆண்டின் சட்டப்படி, தெருவில் திரியும் மனநோயாளரைக் காவலர் பிடித்துக் குற்றவியல் நடுவரிடம் கொண்டுசெல்வார். நடுவர் அவரைக் காப்பகத்துக்கு அனுப்புவார். கூடவே ஒரு விவரத்தாளும் செல்லும். காரணம் அந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் மருத்துவர் அல்லர். பெரும்பாலும் காவல்துறையைச் சேர்ந்தவர். பிடிபட்டவருக்கு உற்றார் எவரும் இல்லை, அவரால் தம்மைப் பற்றித் தெளிவாகச் சொல்லவும் இயலவில்லை, ஆனால் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அவர் துறவிக் கோலத்தில் இருந்தாலோ, மடியில் ஒரு சிலும்பி இருந்தாலோ, 'கஞ்சா குடிப்பவன்' என்று யாரேனும் சொன்னாலோ போதும், கட்டம் நிரம்பிவிடும். காப்பகத்தின் கண்காணிப்பாளர் அதைத் தம் பதிவேட்டில் படியெடுப்பார். ஆண்டிறுதியில் பதிவேடுகள் கூட்டப்பட்டு அட்டவணையாகும். அட்டவணை அறிக்கையாகும். அறிக்கையைப் படிக்கும் அடுத்த கண்காணிப்பாளர், கஞ்சா பைத்தியத்துக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இத்தனை சான்றுகள் உள்ளனவே என்று வியந்து, அடுத்த விவரத்தாளை ஐயமின்றி ஏற்றுக்கொள்வார். காவலர் ஒருவரின் ஊகம் நான்கு மேசைகளைக் கடந்து மருத்துவ உண்மையாக முதிர்ந்த கதை இது.

திரும்பிப் பார்த்த பிறகு 222 என்ற எண் 98 ஆகச் சுருங்கியது. அவற்றுள் கஞ்சா மட்டுமே காரணமாகக் கூடியவை 61. கஞ்சாவோடு வேறு காரணங்களும் கலந்தவை 37. மொத்தச் சேர்க்கையில் 7.3 விழுக்காடு, கஞ்சாவை மட்டும் கொண்டால் 4.5 விழுக்காடு. இந்த எண்ணும் கறாரானதன்று. ஐயத்துக்குரியவற்றை நீக்கிய பின் எஞ்சியது மட்டுமே.

மிதமான நுகர்வு மனத்துக்குத் தீங்கு செய்வதில்லை. மிகையான நுகர்வு மனத்தின் நிலையின்மையைக் காட்டுகிறது, அதை மேலும் வளர்க்கிறது. சிலருக்குப் பைத்தியத்தையும் உண்டாக்கக்கூடும் என்று பெரும்பான்மை அறிக்கை முடித்தது. முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று பரிந்துரைத்தது. சசிசேகரேஸ்வர் ராயும் நிஹால் சந்தும் உடன்படாமல் தனிக்குறிப்புகள் எழுதினர். மிதம் என்பதும் மிகை என்பதும் ஒரு மனிதனின் வாழ்வில் அத்தனை எளிதில் பிரிந்து நிற்பவையல்ல என்ற எண்ணம் நமக்கும் எழுகிறது. அவர்களது மறுப்பு பின்னாளில் அதிகம் பேசப்படவில்லை. கஞ்சாவுக்கு ஆதரவாக இவ்வறிக்கையை மேற்கோள் காட்டுவோர் அந்த இரண்டு குறிப்புகளையும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

ஆணைக்குழுவின் ஒரு குறையை நாம் இங்கே குறித்தாக வேண்டும். மூளைக்கு ஏற்படும் தீங்கை அளக்க அதனிடம் இருந்த ஒரே அளவுகோல் பைத்தியம். காப்பகத்துக்குள் இருப்பவன் பாதிக்கப்பட்டவன், வெளியே இருப்பவன் நலமானவன். நினைவாற்றல் மங்குதல், கவனம் சிதறுதல், ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும் திறன் குறைதல் ஆகியவற்றை அளக்கும் கருவி எதுவும் அக்காலத்தில் இல்லை. பாரிஸில் பினேயும் சிமோனும் தம் அறிவுத்திறன் சோதனையை வெளியிட்டது 1905-ல்தான். ஆணைக்குழு ஒரு பொய்யைக் களைந்தது உண்மை. ஆனால் அதைக் களைந்த இடத்தில் ஒரு வெற்றிடமே எஞ்சியது.

* * *

கஞ்சாவையும் மனப்பிறழ்வையும் இணைத்துக் கேள்வி எழுப்பியவர்களில் ஆணைக்குழு முதலாவது அன்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இரு மருத்துவர்கள் பதிவேட்டின் துணையின்றி, தம் கண்ணாலும் நாவாலும் விடை தேடியிருந்தனர்.

முதலாமவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த அயர்லாந்துக்காரரான ஓஷானஸி. பின்னாளில் இந்தியாவின் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் இவரே. 1839-ல் வெளியான தம் ஆய்வில் கஞ்சாவை முதலில் விலங்குகளுக்குக் கொடுத்தும், பின்னர் மூட்டுவாதம், ரண ஜன்னி, காலரா, வெறிநாய்க்கடி ஆகியவற்றால் துன்புற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தும் கண்டவற்றை எழுதினார். நோயைத் தீர்க்காவிட்டாலும் வலியையும் வலிப்பையும் தணிக்கிறது என்பதே அவர் கண்டது. ஐரோப்பிய மருத்துவத்துக்குள் கஞ்சாவை அழைத்துச்சென்ற அதே கட்டுரையில், தொடர்ந்து நுகர்வோரிடம் தோன்றும் ஒருவகை மனக்குழப்பத்தையும் அவர் தனியே விவரித்திருந்தார்.

இரண்டாமவர் பாரிஸின் மனநோய் மருத்துவர் மொரோ தெ தூர். கீழைநாடுகளில் பயணம் செய்து ஹஷீஷின் பழக்கத்தை நேரில் கண்டவர். 1845-ல் அவர் வெளியிட்ட நூல் ஹஷீஷையும் மனப்பிறழ்வையும் பற்றியது. பைத்தியத்தை வெளியிலிருந்து பார்க்கும் மருத்துவருக்கு அது புரியாது; ஹஷீஷ் உண்டால் சில மணி நேரம் அந்த நிலைக்குள் சென்று, நினைவோடு திரும்பிவர முடியும் என்பது அவருடைய துணிபு. கனவும் பைத்தியமும் ஒரே இயல்புடையவை என்றும் அவர் கருதினார். ஒரு வேதிப்பொருள் மனத்தைக் குலைக்க முடியுமென்றால் மனநோய்க்கும் உடலில் ஒரு வேர் இருக்க வேண்டும் என்ற சிந்தனை இங்கிருந்து கிளைக்கிறது. அவ்வகையில் இன்றைய மனநோய் மருந்தியலின் முன்னோடிகளில் ஒருவராக அவரைக் கொள்ளலாம்.

இலக்கிய வாசகருக்கு மொரோவின் பெயர் வேறொரு வழியாகவும் தெரிந்திருக்கும். 1840-களில் சேன் ஆற்றின் நடுவேயுள்ள புனித லூயித் தீவின் பிமோதான் மாளிகையில் ஓவியர் புவாசார் வீட்டில் நடந்த 'ஹஷீஷ் மன்றத்தின்' கூட்டங்களுக்குப் பின்னால் இருந்தவர் அவரே. கோத்தியே அங்கே சென்றார். 1846-ல் அதைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். பால்ஸாக் சென்றார். போதலேரும் சென்றார். கலைஞனின் கற்பனைக்கும் கஞ்சாவுக்கும் இடையிலான தொன்மம் ஐரோப்பாவில் வேரூன்றியது அந்த மாளிகையில்தான். எழுத்தாளன் என்றால் சிலும்பி இருக்கும் என்று நம் சிற்றிதழ்ச் சூழலில் ஒருகாலத்தில் நிலவிய எழுதாச் சட்டத்துக்கும் அந்த மாளிகையின் நிழல் உண்டு. நம்மவர் அதன்மேல் 'சிவமூலிகை', 'கோரக்கர் மூலி' என்று சித்தர் மரபின் பெயர்களையும் போர்த்திக்கொண்டனர்.

ஆனால் அதே போதலேர் 1860-ல் வெளியிட்ட 'செயற்கைச் சொர்க்கங்கள்' என்ற நூலில் சொல்வது நம் தொன்மத்துக்கு உகந்ததன்று. ஹஷீஷ் மனிதனிடம் ஏற்கெனவே இல்லாத எதையும் அவனுக்குத் தருவதில்லை. அவனையே பெரிதாக்கிக் காட்டுகிறது. அதற்கு விலையாக அவனுடைய மனவுறுதியைக் கேட்கிறது. உழைக்கும் ஆற்றலை இழந்தவனுக்குக் கற்பனை எதற்கு என்பதே அவரது வாதத்தின் சாரம். நாம் சொன்ன வெற்றிடத்தைப் பதிவேடுகளுக்கு முன்பே ஒரு கவிஞர் தொட்டிருந்தார். காப்பகத்துக்குப் போகாதவனின் மூளையிலும் ஏதோ ஒன்று தேயக்கூடும் என்பதை அவர் தம் வழியில் கண்டிருந்தார். ஆயினும் அது ஒருவரின் அவதானிப்பு மட்டுமே.

* * *

ஆணைக்குழு ஐயத்துக்குரியதாக்கிய காரணக் கட்டம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு நாட்டிலிருந்து உயிர்பெற்று எழுந்தது. 1924-25 குளிர்காலத்தில் ஜெனீவாவில் அபினி தொடர்பான பன்னாட்டு மாநாடு நடந்தது. கஞ்சா அதன் நிரலில் இல்லை. எகிப்தின் பிரதிநிதி முகம்மது எல் குயிந்தி ஹஷீஷையும் சேர்க்க வேண்டும் என்று உணர்ச்சியோடு வாதிட்டார். தம் நாட்டின் மனநோயாளிகளில் 30 முதல் 60 விழுக்காட்டினர் ஹஷீஷால் நோயுற்றவர்கள் என்றார்.

கெய்ரோவின் அப்பாசியா காப்பகத்தின் 1920-21-ஆம் ஆண்டறிக்கை வேறு கதை சொல்கிறது. அவ்வாண்டில் சேர்க்கப்பட்ட 715 பேரில் ஹஷீஷ் காரணம் என்று குறிக்கப்பட்டவர்கள் 19 பேர், 2.7 விழுக்காடு. மதுவால் நோயுற்றதாகக் குறிக்கப்பட்டவர்கள் 48 பேர். ஜெனீவாவின் மேடையில் பேசியது இந்த எண் அன்று. 1925-ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இந்தியச் சணல் இடம்பெற்றது. 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் அந்தப் பாதையின் தொடர்ச்சிகள். நம் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் தடை செய்து, இலையிலிருந்து செய்யப்படும் பாங்கை வரையறைக்கு வெளியே விட்டது.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். பொய்யான எண்களின் மேல் கட்டப்பட்டது என்பதாலேயே ஓர் அச்சம் பொய்யாகிவிடாது. பதிவேட்டில் தவறாக எழுதப்பட்ட காரணம், வேறு யாரோ ஒருவரின் வாழ்வில் சரியான காரணமாகவும் இருக்கலாம். கஞ்சாவின் வரலாற்றைப் படிக்கும் அறிவாளிகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். காலனிய மோசடியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் செடிக்கு நற்சான்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

* * *

செடிக்குள் என்ன இருக்கிறது என்பதே 1964 வரை தெளிவாகத் தெரியாது. அபினியிலிருந்து மார்ஃபினையும் கோகோ இலையிலிருந்து கொகெய்னையும் பத்தொன்பதாம் நூற்றாண்டே பிரித்தெடுத்துவிட்டது. கஞ்சாவின் போதைப்பொருள் பிசின் போன்ற கலவையில் ஒளிந்திருந்ததால் பிடிபடவில்லை. இஸ்ரேலின் வெய்ஸ்மான் நிறுவனத்தில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் கவோனியும் 1964-ல் அதைத் தூய வடிவில் பிரித்து, அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி. அதற்கான ஹஷீஷை அவர்களுக்குக் கொடுத்தது காவல்துறை. கஞ்சாவின் கதையில் காவலர் மீண்டும் ஒருமுறை வருகிறார், இம்முறை அறிவியலுக்கு உதவியாக.

அடுத்த கேள்வி, இந்த மூலக்கூறு மூளையில் எங்கே போய் அமர்கிறது என்பது. 1988-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயியில் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டிவேனும் எலியின் மூளையில் அதற்கான ஏற்பியைக் கண்டனர். 1990-ல் அதன் மரபணு அறியப்பட்டது. ஒரு செடியின் பொருளுக்காக மனித மூளை ஏற்பிகளைச் செய்து வைத்திருக்காது. உடலே அதுபோன்ற ஒன்றைச் சுரக்க வேண்டும். 1992-ல் மெக்கூலத்தின் குழு அதைக் கண்டுபிடித்தது. டிவேன் அதற்கு 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டார். நம் 'ஆனந்தம்' ஒரு வேதிப்பெயரின் முன்பாதியாயிற்று.

ஆனால் அதன் வேலை ஆனந்தம் தருவது மட்டுமன்று. நரம்பணுக்களிடையே செய்தி வழக்கமாக ஒரு திசையில் செல்லும். 2001-ல் வெளிவந்த ஆய்வுகள், உடல் சுரக்கும் இப்பொருள்கள் எதிர்த்திசையில் செல்வதைக் காட்டின. செய்தியைப் பெற்ற அணு, அனுப்பிய அணுவிடம் 'போதும், குறைத்துக்கொள்' என்று சொல்லும் வழி அது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் மட்டும் நிகழும் நுண்ணிய அடக்கம். கஞ்சாப் புகையோடு வரும் டிஎச்சி இந்த நுண்மையை அறியாது. ஏற்பி உள்ள எல்லா இடங்களிலும், மணிக்கணக்கில், 'போதும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த ஏற்பிகள் அடர்ந்திருக்கும் இடங்களைப் பார்த்தாலே பழைய அனுபவங்களின் விளக்கம் கிடைத்துவிடுகிறது. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸில் அவை மிகுதி. ஆகவேதான் வாக்கியத்தைத் தொடங்கியவருக்கு அதன் முடிவு நினைவில் இருப்பதில்லை. உடலியக்கத்தைச் சீராக்கும் சிறுமூளையில் மிகுதி. ஆகவே நடை தடுமாறுகிறது. திட்டமிடலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய முன்மூளைப் புறணியிலும் உள்ளன. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. அபினி வகைகள் மூச்சை நிறுத்திக் கொல்வதுபோல் கஞ்சா கொல்லாததன் காரணம் அதுவே.

தொடர்ந்து நுகர்ந்தால் என்ன ஆகும்? இடைவிடாத 'போதும்' என்ற ஒலிக்கு மூளை தன் காதுகளைக் குறைத்துக்கொள்கிறது. நாள்தோறும் புகைப்போரின் மூளையை 2012-ல் படமெடுத்துப் பார்த்த ஆய்வில், புறணிப் பகுதிகளில் இவ்வேற்பிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அவர்கள் கண்காணிப்பின்கீழ் சுமார் நான்கு வாரங்கள் விலகியிருந்தபோது அவை பெரும்பாலான பகுதிகளில் மீண்டன. தேய்வும் உண்மை, மீட்சியும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லும் வழக்கம் நம் பேச்சில் இல்லை.

* * *

ஆய்வகம் எப்படி நிகழ்கிறது என்று சொல்லும். யாருக்கு நிகழும் என்று சொல்லாது. அதற்கு மீண்டும் பதிவேடுகள் தேவைப்பட்டன. இம்முறை வேறுவகைப் பதிவேடுகள். நோயுற்ற பின் பின்னோக்கிக் காரணம் எழுதுவதை விட்டு, நலமாக இருக்கும்போதே பெயர்களை எழுதிக்கொண்டு பல்லாண்டுகள் காத்திருக்கும் பதிவேடுகள்.

சுவீடனில் 1969-70-ல் படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களின் பழக்கங்கள் அப்போதே குறிக்கப்பட்டிருந்தன. பதினைந்து ஆண்டுகளைத் தொடர்ந்து பார்த்து 1987-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா நுகர்ந்திருந்தோர் பின்னாளில் மனச்சிதைவுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அவர்களுடைய முந்தைய மனநிலை, குடும்பச்சூழல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபின் அது ஏறத்தாழ இரண்டே கால் மடங்காகக் குறைந்தது. குறைந்ததே தவிர, மறையவில்லை.

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறந்தது முதல் பின்தொடர்ந்துவரும் ஆய்வு நினைவையும் அறிவையும் அளந்தது. 2012-ல் வெளிவந்த முடிவு: பதின்பருவத்தில் தொடங்கிப் பல்லாண்டுகள் விடாது நுகர்ந்தோரின் அறிவுத்திறன் அளவு 13 வயதுக்கும் 38 வயதுக்கும் இடையே 8 புள்ளிகள்வரை சரிந்திருந்தது. வயதுவந்தபின் தொடங்கியோரிடம் அத்தகைய சரிவு இல்லை. அடுத்த ஆண்டே ஒரு பொருளியலாளர், வறுமையும் கல்வியும் இந்தச் சரிவின் ஒரு பகுதியையேனும் விளக்கக்கூடும் என்று மறுத்தார். 2016-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வு மேலும் ஒரு முடிச்சைப் போட்டது. கஞ்சா நுகர்ந்தவரின் அளவு சரிந்திருந்தால், நுகராத அவருடைய உடன்பிறப்பின் அளவும் ஏறக்குறைய அதேபோல் சரிந்திருந்தது. அப்படியானால் காரணம் புகையா, பிறந்த வீடா? இதற்குப் பின்பு, டுனிடின் குழுவினரை 45 வயதில் மீண்டும் அளந்த 2022-ஆம் ஆண்டு முடிவு, நீண்டகால நுகர்வோரிடம் சராசரியாக 5.5 புள்ளிச் சரிவைக் காட்டியது.

பதின்பருவத்தினரையும் இளைஞரையும் பற்றிய 69 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை, நினைவிலும் கவனத்திலும் ஏற்படும் பாதிப்பு சராசரியாகச் சிறியது என்றும், 72 மணி நேரத்துக்கு மேல் விலகியிருந்தவர்களிடம் அது மேலும் குறைந்தது என்றும் கண்டது. அதே ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, மனச்சிதைவுக்கான மரபுச்சாய்வு உடையவர்களே கஞ்சாவை நாடும் வாய்ப்பும் அதிகம் என்று சுட்டியது. காரணமும் விளைவும் இங்கே ஒன்றையொன்று துரத்துகின்றன. 2019-ல் ஐரோப்பிய நகரங்களையும் பிரேசிலையும் சேர்ந்த நோயாளிகளை ஆராய்ந்த இன்னோர் ஆய்வில், நாள்தோறும் நுகர்வோர் முதன்முறை மனநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு ஒருபோதும் நுகராதோரைவிட மும்மடங்குக்கு மேல் இருந்தது. வீரியம் மிகுந்த வகைகளை நாள்தோறும் நுகர்வோருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. வீரியம் என்ற சொல் முக்கியமானது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995-ல் சுமார் 4 விழுக்காடாக இருந்த டிஎச்சி, 2014-ல் 12 விழுக்காட்டை எட்டியிருந்தது. கோத்தியேயின் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைய பொட்டலத்தைப் பிரிப்பவர், இரண்டும் ஒரே பொருள் என்று எண்ணக்கூடாது.

* * *

இதையெல்லாம் நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு நண்பர் காரணம். பெயர் வேண்டாம். நம் வட்டத்தில் நம்மைவிட இளையவர். நம்மைவிட நல்ல வரிகளை எழுதியவர். பள்ளி நாள்களிலேயே கஞ்சா பழகியிருந்தார். பேச்சு நீளும் இரவுகளில் நாமும் அவரோடு வட்டமாக அமர்ந்திருந்தோம். இருபத்திரண்டாம் வயதில் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. வீட்டார் காரணக் கட்டத்தில் 'கஞ்சா' என்று எழுதினர். அதற்குமேல் எதையும் கேட்க அவர்கள் விரும்பவில்லை. நண்பர்களாகிய நாம் அதே கட்டத்தில் 'சமூகம்', 'கவிதை', 'நுண்ணுணர்வு' என்று எழுதினோம். நமக்கும் அதற்குமேல் கேட்க விருப்பமில்லை. வீட்டாரின் விடை அவர்களை விடுவித்தது. நம் விடை நம்மை விடுவித்தது.

அவரைப் பார்த்த மருத்துவர் இரண்டையும் ஏற்கவில்லை. எந்த வயதில் தொடங்கினார், வாரத்தில் எத்தனை நாள், என்ன வகை, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி வந்ததுண்டா, நிறுத்திப் பார்த்தாரா, நிறுத்தியபோது என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே குறித்துக்கொண்டார். அன்று அது நமக்கு வெறும் நடைமுறையாகப் பட்டது. பின்னால் ஆணைக்குழுவின் அறிக்கையைப் படிக்கும்போதுதான் அந்த மருத்துவர் செய்தது என்னவென்று விளங்கியது. 1892-ன் பதிவேட்டில் ஒன்றாக இருந்த கட்டத்தை அவர் ஏழெட்டாகப் பிரித்திருந்தார்.

நூற்று முப்பது ஆண்டுக்கால அறிவு வந்து சேர்ந்திருக்கும் இடமும் ஏறத்தாழ அதுவே. எப்போதாவது நுகர்ந்த வயதுவந்தவர்களுள் பெரும்பாலோரின் மூளையில் நிலைத்த தீங்கைக் காட்ட ஆய்வுகளால் முடியவில்லை. பதினைந்து வயதில் தொடங்கி, நாள்தோறும், வீரியம் மிக்கதை நுகரும் ஒருவருக்கு, அதிலும் குடும்பத்தில் மனநோய் உள்ள ஒருவருக்கு, அதே ஆறுதலைச் சொல்ல எந்த ஆய்வும் இடம் கொடுக்கவில்லை. முன்மூளை இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. கட்டிமுடியாத வீட்டில் யாரும் நெருப்போடு விளையாடுவதில்லை.

நண்பர் கஞ்சாவை நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன. மாத்திரைகள் தொடர்கின்றன. ஒரு சிறு கடையில் கணக்கு எழுதுகிறார். அண்மையில் சந்தித்தபோது, ஆணைக்குழு விசாரித்த அந்த 222 பேரைப் பற்றி அவரிடம் சொன்னோம். 98 போக மீதமுள்ளவர்களின் கட்டத்தில் பிறகு என்ன எழுதினார்கள் என்று கேட்டார். நம்மால் விடை சொல்ல முடியவில்லை. யாரேனும் அவர்களிடமே கேட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, தம் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பினார்.